நாலு நாள் சிங்கப்பூரும் ஒரு கையெழுத்தும்

லீவு லெட்டர்ல உண்மையை எழுதினா என்ன ஆகும் தெரியுமா?

எனக்குத் தெரியும். எழுதிப் பாத்துட்டேன்!

எண்பதுகளோட ஆரம்பம். மதுரை தல்லாகுளத்துல ஒரு கவர்மெண்ட் ஆபீஸ். நான் டைப்பிஸ்ட். வயசு இருபத்தொம்பது. கல்யாணம் ஆகல. (அடுத்து அதத்தான் கேப்பீங்க, அதான் முந்திக்கிட்டேன்.)

"சிங்கப்பூர் நகரைச் சுற்றிப் பார்க்க ஒரு வாரம் விடுப்பு வேண்டும்." இம்புட்டுத்தான் எழுதினேன். கூடவே பாஸ்போர்ட் எடுக்க ஆபீஸ்ல ஆட்சேபணை இல்லைன்னு ஒரு பேப்பரும் கேட்டேன்.

சூப்பிரண்டு சார் மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டார்.

"ஏம்மா, அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல சார்."

"வேலை கீலை பாத்து வச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப சாமான் வாங்கியாந்து விக்கப் போற!"

"இல்ல சார். ஊரப் பாக்கப் போறேன்."

"பாக்குறதுக்குக் கொடைக்கானல் இல்லையா?"

"அது பாத்தாச்சு சார்." (ஆபீஸ் டூர். முப்பது பேருக்குப் புளிசாதம் கிண்டினதுல ஏரி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது!)

"காரணம் போதுமானதாக இல்லை"ன்னு செவப்பு மையில எழுதித் திருப்பிக் குடுத்துட்டார்.

இந்தப் பிளான் எனக்கு மட்டும் இல்ல. பக்கத்து சீட்டு ஜோதிக்கும் சேத்துதான். கிளார்க்கு. என்னைய விட நாலு வயசு சின்னவ, கல்யாணமாகி ரெண்டு பிள்ளைக.

லைப்ரரில இருந்த சிங்கப்பூர் புக்க வீட்டுக்குத் தர மாட்டாக. அங்கயே உக்காந்து ஆயில் பேப்பர வச்சு மேப்ப வரைஞ்சு எடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல டிபன் பாக்ஸத் தள்ளி வச்சிட்டு அதத்தான் விரிப்போம்.

முத நாள் துறைமுகம். ரெண்டாம் நாள் பறவைப் பூங்கா. மூணாம் நாள் டபுள் டக்கர் பஸ்ல மாடியில முன் சீட்டு, கடைசி ஸ்டாப் வரைக்கும்.

"நாலாம் நாள் எங்கடி?"ன்னேன்.

"ஒண்ணும் வேணாம்க்கா. மெதுவா எந்திரிப்போம். யாருக்கும் காபி போட வேணாம்."

அத அப்பிடியே பேப்பர்ல எழுதிக்கிட்டோம். காலை: காபி போட வேணாம்.

அந்த வாரமே அலங்காநல்லூர்ப் பக்கத்துலருந்து எங்க அண்ணன் வந்து நின்னுச்சு. எனக்கு ஒரு எடம் பேசிட்டு இருந்தாக. மாப்ள வீட்டுக்கு விசயம் எட்டிருச்சு.

"ஏத்தா, பொம்பளப் பிள்ள தனியாக் கப்பல் ஏறுதான்னு கேக்குறாக."

"கப்பல் இல்லண்ணே. பிளேன்."

"அது இன்னும் மோசம்!"

டூர நிப்பாட்டுனாத்தான் மேக்கொண்டு பேச்சாம். அண்ணன் கொரலத் தணிச்சுச் சொன்னுச்சு: "நம்ம அப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் வயல்ல களை எடுத்தவுக. நமக்கெதுக்குத்தா இதெல்லாம்?"

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு.

"களை எடுத்தவுக பிள்ளைக பாக்கக் கூடாதுன்னு சிங்கப்பூர்ல போர்டு போட்டுருக்காகளா? என் சம்பளம், என் லீவு. மாப்ள வீட்டுல மேக்கொண்டு பேச வேணாம்னு சொல்லிருண்ணே."

காபியக் கூடக் குடிக்காமப் போயிருச்சு. ரெண்டு மாசம் பேச்சு இல்ல.

அடுத்த அடி ஜோதிகிட்டருந்து. ஒரு நா கண்ணு செவந்து வந்தா. "எங்க வீட்டுக்காரக ஒரே வார்த்தையில முடியாதுன்டாகக்கா. நீ போயிட்டு வா. வந்து எனக்கு ஒண்ணு விடாமச் சொல்லு."

அன்னைக்கு நானும் விட்டுரலாமான்னு நெனச்சேன். நெசமாத்தான்.

ஆனா அன்னைக்குன்னு பாத்து சூப்பிரண்டு கூப்பிட்டார். நல்லவர்தான், இரக்கப்பட்டாராம். "சொந்தக்காரங்க கல்யாணம்னு மாத்தி எழுதிக் குடும்மா. இப்பவே அனுப்பிர்றேன்."

"இல்லாத கல்யாணத்துக்கு நான் ஏன் சார் போகணும்?"

பேப்பர எடுத்துக்கிட்டு நேரா பெரிய ஆபீஸர் ரூமுக்குப் போயிட்டேன். பயமாத்தான் இருந்துச்சு. (வாய்க்கு மட்டும் இல்ல!)

"சார், லீவு ரூல ஆறு வருசமா நான்தான் டைப் அடிக்கிறேன். சொந்த வேலைன்னு எழுதினாலே போதும். நான் உண்மையை எழுதினேன், அதான் நிக்குது."

ஆபீஸர் ரெண்டு தடவ படிச்சார். செவப்பு மையப் பாத்தார். என்னையப் பாத்தார்.

"தங்குறதுக்கு?"

"பொம்பளைங்க ஹாஸ்டல்ல ரூம் கேட்டு லெட்டர் போட்டேன். பதில் வந்துருச்சு சார்."

கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வாங்கம்மா."

போனேன்! தன்னந்தனியா!

பறவைப் பூங்காவுக்குப் போற வழியில தப்பான ஸ்டாப்புல எறங்கி, கொட்டுற மழையில ஒரு மணி நேரம் நின்னேன். பயந்துதான் போனேன். அப்பறம் ஒரு சீனத்து அம்மா கையப் புடிச்சு சரியான பஸ்ல ஏத்தி விட்டாக. அவுக பேசினது எனக்குப் புரியல, என் இங்கிலீஷு அவுகளுக்குப் புரியல. ரெண்டு பேருமே தலைய ஆட்டிக்கிட்டோம்.

நாலாம் நாள் ஒம்பது மணி வரைக்கும் தூங்கினேன். முழிச்சதும் ஜோதி நெனப்பு வந்து அழுதுட்டேன்.

மெட்ராஸ்லருந்து மதுரை பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குறேன், விடிஞ்சு வெயில் ஏறிருச்சு. எதுத்தாப்புல அண்ணன்! நான் வர்ற நாள ஆபீஸ்ல விசாரிச்சு வச்சிருந்துருக்கு.

என் பெட்டியத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு டீக்கடையப் பாத்து நடந்துச்சு.

"ரெண்டு டீ. நம்ம தங்கச்சிக்குச் சக்கரை கூடப் போடுங்க. சிங்கப்பூர் போயிட்டு வருது."

டீ மாஸ்டர் நிமுந்து பாத்தார். "அப்பிடியா! வேலைக்காண்ணே?"

எங்க அண்ணன் பெட்டியக் கீழ வைக்கவே இல்ல.

"வேலைக்கு எதுக்குய்யா போகுது? சும்மா... சுத்திப் பாக்க!"

மாப்ள வீடா? அவுக வேற எடம் பாத்துட்டாக. நல்லா இருக்கட்டும்!