ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுபவர்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, சலவைக்கூடம். உள்ளே ஆள் உயரத்துக்கு நான்கு சலவை இயந்திரங்கள். அதில் மூன்றாவதைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் பயன்படுகிறது. கூடத்தில் எல்லாருக்கும் அவர் மூணாம் நம்பர். மேற்பார்வையாளர் கூப்பிடுவதும் அப்படித்தான், கோபம் வந்தால் மனைவி கூப்பிடுவதும் அப்படித்தான். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பொதுவாகவே குறைப்பட்டுக்கொள்ள அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

அவர் வேலை எப்படி என்று முதலில் சொல்லிவிட வேண்டும், வம்பு முழுக்க அதிலிருந்துதான் வந்தது. படுக்கை விரிப்புகளை டிரம்முக்குள் திணித்து, கதவை இறுக்கி, பட்டனை அழுத்தியதும், தண்ணீர் மட்டத்தையும் நீராவி அழுத்தம் காட்டும் முள்ளையும் சிறிது நேரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓட்டம் சீரானதும் கையுறையைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வெளியே இருக்கும் பெஞ்சுக்கு வரலாம். ஆறு நிமிடம். போன் உள்ளே வரக்கூடாது. பெஞ்சுக்கு மேலே ஓர் இரும்புப் பெட்டியில்தான் எல்லார் போனும் கிடக்கும். ஆறு நிமிடம் ஆனதும் உள்ளே போய் அடுத்த லோடுக்கு அழுக்குத் துணி பிரிக்க வேண்டும், ஓடி முடிந்ததை இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டு உலர்த்தும் அறைக்குத் தள்ள வேண்டும், மறுபடி திணிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து மறுபடி பெஞ்சுக்கு வர ஐம்பத்திரண்டு நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்தில்தான் அவர் உலகத்தைப் பார்த்தார். வீட்டில் போன் ஒன்றுதான். காலையில் இவர் கையில், மாலை நாலு மணிக்கு மேல் மனைவி கையில். மனைவி அதை வாங்கிக்கொண்டு போய், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகளோடு பேசுவார். ஒரு தடவை ஆரம்பித்தால் சார்ஜ் தீரும்வரை. மிச்ச நேரம் இவருக்கு ரேடியோ போதும், ஜன்னலோர நாற்காலி போதும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதுவும் வேண்டாம், அன்றைக்கு அக்கா வருவார்.

அக்கா இவரைவிட மூன்று வயது மூத்தவர். சின்ன வயதுக் காய்ச்சலில் கால்கள் போய்விட்டன. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தரைத்தளத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, வக்கீல்களுக்கு மனு டைப் செய்து கொடுத்துத் தன் காலம் தள்ளுகிறார். ஞாயிறு பதினோரு மணிக்குத் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி வருவார். பின்னாலிருந்து தள்ள விடமாட்டார். தம்பி வாசல்படியில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு வைத்திருப்பார், அவ்வளவுதான். பிறகு சாயங்காலம் வரை அக்காவும் தம்பி மனைவியும் சேர்ந்துகொண்டு இவரைக் கலாய்ப்பார்கள். வாரத்தில் அவருக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான்.

ஒரு தடவை வங்கியில் நீண்ட வரிசை. "அக்காவுக்கு நடக்க முடியாதுங்க" என்று சொல்லி முன்னால் போய் நின்றுவிட்டார். அக்கா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என்னைக் காட்டி யார்கிட்டயும் எதையும் கேக்காதே. இன்னொரு தடவை கேட்டே, உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். நான் எப்போ படி ஏறினேன்னு கேக்காதே." அன்றிலிருந்து அது அவருக்குச் சத்தியம் மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி ரயில்வே கேட்டை மூடப்போவதாகச் சொன்னது. அதற்குப் பதில் நடைபாலம் கட்டித் தருவதாகக் கவுன்சிலர் வாக்குக் கொடுத்தார். பாலத்தின் படம் பேட்டைக் குழுவில் வந்தது. போனில் நடக்கும் குழு அது, முந்நூற்று நாற்பது பேர். படத்தில் பாலம் அழகாகத்தான் இருந்தது. இந்தப் பக்கம் நாற்பத்தாறு படி, அந்தப் பக்கம் நாற்பத்தாறு படி. மூணாம் நம்பர் பெஞ்சில் உட்கார்ந்து படிகளை இரண்டு தடவை எண்ணினார். அக்கா இனி வரமுடியாது என்பது அவருக்கு உடனே புரிந்தது.

குழுவில் அன்றைக்கே, மூணாம் நம்பர் என்ற பெயரிலேயே எழுதினார்: "சக்கரம் ஏற சாய்வுப் பாதை உண்டா?" கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த முறை வெளியே வந்தபோது பேச்சு பாலத்துக்கு விளக்குப் போடுவதில் போய்க்கொண்டிருந்தது. அவருடைய கேள்விக்கு எப்போதோ யாரோ, "எந்தச் சக்கரம்? யாருக்கு?" என்று கேட்டிருந்தார்கள். இவர் அதற்கு இப்போது பதில் எழுதினார்: "எல்லாச் சக்கரத்துக்கும்தான். சாய்வு உண்டா, இல்லையா?" விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். என்ன ஏது என்று கேட்டார்கள். ஆள் இல்லை. ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து, அவர்கள் கைப்பிடிக் கம்பிக்கு வந்திருந்தபோது, மறுபடி சாய்வு. இப்படியே மூன்று வாரம். அரைத்த மாவையே அரைக்கிறான் என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள்.

அலுப்பைச் சந்தேகமாக்கியவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர், ஆனால் எந்தப் பேச்சிலும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான் என்று நம்புகிறவர். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கவுன்சிலருக்குப் பாலம் கட்ட மனமில்லை, வாயால் வாக்குக் கொடுத்துவிட்டு ஆள் வைத்துக் குட்டையைக் குழப்புகிறார் என்பது அவர் வாதம். சாய்வுப் பாதைக்கு நீளமாக இடம் வேண்டும், இடம் எடுக்க வருடக்கணக்காகும், அதற்குள் தேர்தல் முடிந்துவிடும். "இப்பல்லாம் ஒரு ரூம்ல ஆளுங்களை உக்கார வெச்சு இதையே வேலையா செய்யறாங்க" என்று குரல் பதிவு போட்டார். "இந்த ஆளு பேரைப் பாருங்க. மூணாம் நம்பராம். அப்போ ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் நம்ம குழுவுல யாரு?"

அவ்வளவுதான், முந்நூற்று நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். மூணாம் நம்பரின் படமாக இருந்தது இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவு. அது வேவு பார்க்கும் கேமரா என்று ஒருவர் பெரிதாக்கிக் காட்டினார். தினமும் காலையில் பூப்படம் போட்டு எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லும் ஏழெட்டுப் பேரை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. உண்மையிலேயே அந்தக் குழுவில் யாராவது கூலிக்கு எழுதியிருந்தால், அவர் அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவராக நிம்மதியாக இருந்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

குழுவை நடத்துகிறவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். அவருக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. மூணாம் நம்பர் எழுதிய நேரத்தையெல்லாம் எடுத்துக் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தார். எட்டு நாலு, எட்டு ஐம்பத்தாறு, ஒன்பது நாற்பத்தெட்டு, பத்து நாற்பது. மாலையில் மூச்சு இல்லை. ஞாயிறு விடுமுறை. டீச்சருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வியாழன் மாலை அந்தக் கட்டத்தைக் குழுவில் போட்டு எழுதினார்: "எந்த மனிதரும் இப்படி எழுதமாட்டார். செவ்வாயில் மட்டும் இடைவெளி எழுபது நிமிடம், வியாழனில் அறுபத்து நாலு. இது ஏன் என்று அவர் விளக்கட்டும். நாளை காலை பத்து மணிக்கு அவரை நீக்குவது பற்றி ஓட்டு. நாளை மறுநாள் நகராட்சிக்கு நம் மனு போகிறது, அதற்குள் இது தீர வேண்டும்."

அதை முதலில் படித்தது போனைக் கையில் வைத்திருந்த மனைவி. சிரிப்பை அடக்கமுடியாமல் கணவரிடம் நீட்டினார்.

"இவ்வளவு பெரிய ஆளா நீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அவர் படித்தார், சிரித்தார், மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. "என்னைத் தூக்கிட்டா மனுவுல சாய்வு வராது" என்றார்.

"உங்க அக்காவுக்காகன்னு ஒரு வரி எழுதிடுங்களேன். எல்லாம் அடங்கிடும்."

"அது முடியாது. அக்காகிட்ட வார்த்தை குடுத்திருக்கேன்."

மறுநாள் எட்டு நாலுக்கு, ஒற்றை விரலால், ஆறு நிமிடத்துக்குள் எழுதினார்: "ஆஸ்பத்திரி சலவை இயந்திரம் ஓட்டுகிறேன். மூன்றாம் நம்பர் இயந்திரம். லோடுக்கு ஒருமுறைதான் போன். விரிப்பு 52 நிமிடம். செவ்வாய் கம்பளி, 70. வியாழன் ஆபரேஷன் துணி, கொதிநீர் கூடுதலாக வேண்டும், 64." உள்ளே போய்விட்டார்.

எட்டு ஐம்பத்தாறுக்கு வந்து பார்த்தால் டீச்சர் காத்திருந்தார். "போன மாதம் பதினேழாம் தேதி புதன்கிழமை. 8.56க்கு அப்புறம் 10.20தான். 84 நிமிடம். அது என்ன துணி?"

இவர் யோசித்தார். "துணி இல்லை. தண்ணீர்க் குழாய் வாஷர் கிழிந்து தரையெல்லாம் வெள்ளம். சரிசெய்ய அரைமணிக்கு மேல் ஆனது."

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு டீச்சரின் பதில் இருந்தது. "மூன்று வாரக் கணக்கும் பொருந்துகிறது. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. நான் போட்ட கட்டம் சரி, அதிலிருந்து நான் முடிவு செய்ததுதான் தப்பு. மன்னிக்க வேண்டும்." டீச்சர்களில் இப்படி எழுதுகிறவர்கள் குறைவு. மூணாம் நம்பருக்கு மனது குளிர்ந்தது.

ஆனால் அதற்குக் கீழே மருந்துக்கடைக்காரர் நின்றார். "சரிங்க, இயந்திரம் ஓட்டுறீங்க. ஒப்புக்கறேன். இயந்திரம் ஓட்டுறவர் காசு வாங்கக்கூடாதுன்னு இருக்கா? மூணு வாரமா சாய்வு சாய்வுன்னு கேக்கறீங்களே, உங்களைக் கேக்கச் சொன்னது யாரு?"

மூணாம் நம்பருக்குப் பொய் சொல்ல வராது. மெய்யைச் சொல்லவும் கூடாது. நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் எழுதியது இது: "ஓர் ஆள் இருக்கிறார். யாரென்று சொல்ல முடியாது." அனுப்பிவிட்டுப் படித்துப் பார்த்தபோதுதான் எப்பேர்ப்பட்ட காரியம் செய்துவிட்டோம் என்று உறைத்தது. அழிக்கலாமா என்பதற்குள் ஆறு நிமிடம் முடிந்தது. போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த ஒரு லோடு அவருக்கு ஒரு யுகமாக ஓடியது. டிரம்முக்குள் விரிப்புகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் விளக்கம் எழுதினார். நான்கு வரி தேறியது, ஆனால் எந்த வரியிலும் அக்கா வராமல் அர்த்தம் வரவில்லை. மனு போய்விடும், படி வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்று நினைத்தார். பக்கத்து இயந்திரக்காரர், "என்னப்பா, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றார்.

பத்து நாற்பதுக்கு வெளியே வந்தார். குழுவில் அறுபத்தொரு புதுச் செய்தி. முதல் பத்துப் பதினைந்து அவர் எதிர்பார்த்தவைதான்: பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா, ஒப்புக்கொண்டுவிட்டான், தூக்குங்கள். அதற்கப்புறம், குழுவில் இதுவரை ஒரு வார்த்தை எழுதாத ஒருவரிடமிருந்து நீளமாக ஒன்று. மனுபோல வரிசையாக, பிழையில்லாமல் டைப் செய்யப்பட்டிருந்தது.

"அவர் சொல்ல முடியாது என்ற ஆள் நான்தான். அவருடைய அக்கா. நான் நடப்பதில்லை, சக்கர நாற்காலியில் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கேட் வழியாக என் தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். அவன் எனக்குக் கொடுத்த வாக்கால் என் பெயரைச் சொல்லாமல் மூன்று வாரமாகத் திட்டு வாங்கியிருக்கிறான். சாய்வு கேட்க அவனுக்கு யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை. கேட்கவேண்டிய நான் கேட்காமல் இருந்தேன். இப்போது நானே கேட்கிறேன்."

அதற்குக் கீழே ஒரு தாய், இரட்டைக் குழந்தைத் தள்ளுவண்டியைப் படியில் எப்படி ஏற்றுவது என்று கேட்டிருந்தார். சைக்கிளில் தண்ணீர்க் கேன் போடுகிறவர் கேட்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் தனக்கே முழங்கால் வலி என்றும், நாற்பத்தாறு படியைத் தான் இதுவரை எண்ணிப்பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை, ஆனால் அதற்கு வேறு அர்த்தமும் இல்லை. ஓட்டு நடக்கவே இல்லை. மனுவில் முதல் கோரிக்கையாகச் சாய்வுப் பாதை என்று டீச்சர் எழுதிவிட்டார், அதை டைப் செய்து தருவதாக அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். இவர் இல்லாமலே எல்லாம் முடிந்திருந்தது. பிற்பாடு பாலம் சாய்வோடுதான் வந்தது, ஒரு வருடம் தாமதமாக. அதுவரை கேட்டையும் மூடவில்லை.

மூணாம் நம்பர் மிச்சமிருந்த நிமிடத்தில் அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ எப்போக்கா குழுவுல சேர்ந்தே?"

"நீ என்ன உளர்றேன்னு பாக்கத்தான். முதல் நாள்லேருந்து இருக்கேன்."

"ஏன் எழுதினே? உன்னைக் காட்டி எதையும் கேக்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே."

அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"என் காலைப் பத்தின பேச்சா இருந்தா இன்னிக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்டா" என்றார் அக்கா. "அவங்க உன்னைக் காசு வாங்கினவன்னு சொன்னாங்க."

அவர் சரிக்கா என்றார். ஆறு நிமிடம் முடிந்திருந்தது, போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.