கொடி போட்ட விரிப்பு

யார் வீட்டுக்குப் போனாலும் வந்த காலோடு ஜன்னலருகே போய், திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள் இலையக்கா. இரண்டு துண்டு சேர்த்துத் தைத்த இடத்தில் அச்சுப்பூவின் தண்டோடு தண்டு பொருந்தவில்லையென்றால் உதட்டைப் பிதுக்குவாள். "கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். இதுக்குக் கட்டம் போட்ட துணியே வாங்கியிருக்கலாம்." வீட்டுக்காரர்களின் முகம் சுருங்குவதைக் கண்டுகொள்ள மாட்டாள்.

திரைச்சீலை, தலையணை உறை, படுக்கை விரிப்பு என்று வீட்டுத்துணிகளுக்கு அச்சுப்போடும் பட்டறையில் வெகுகாலமாக இலையும் பூவும் வரைகிறவள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பூச்சி அரித்த ஓட்டையோடுதான் இலை வரைவாள். முதலாளி அடைக்கச் சொல்வார். அடைத்துக் கொடுத்துவிட்டு, "இனிமே பிளாஸ்டிக் இலைதான்," என்று முணுமுணுப்பாள்.

மகளுக்கும் அவளுக்கும் ஒட்டாது. அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்ததை மகள் மறக்கவுமில்லை, சொந்தக்காரர்களை மறக்க விடவுமில்லை. வரையச் சொன்னதே அவர்தான். "என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காத. பயமா இருக்கு. எதையாச்சும் வரை," என்றார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் காய்ந்த கொடி ஒன்று கிடந்தது. அவர் மூச்சு அடங்கும் வரை அதையே வரைந்தாள். அப்பா எதற்கும் அசராத மனிதர் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், அவர் பயந்தார் என்று எப்படிச் சொல்வது?

அந்தத் தாள் முதலாளி கண்ணில் பட்டது. கொடிக்குப் பச்சை ஏற்றி, கணுவுக்குக் கணு மஞ்சள் பூ வைக்கச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல முடியாமல் வைத்துக் கொடுத்தாள். படுக்கை விரிப்பில் அச்சேறியதும், பட்டறை அதுவரை கண்டிராத விற்பனை.

போன மாதம் மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். கடனே என்று அம்மாவையும் அழைத்தாள். படுக்கையறைக் கட்டில் விரிப்பில் அதே கொடி, கணுவுக்குக் கணு மஞ்சள் பூ.

"உங்க பட்டறையோடதுதான். தேடி வாங்கினேன்," என்றாள் மகள். எத்தனையோ வருடம் கழித்து அந்தக் குரலில் கொஞ்சம் ஈரம் இருந்தது. "பாத்தாலே மனசுக்கு நல்லாயிருக்குல்ல? செத்த நேரம் படும்மா. காபி போட்டுக் கொண்டாரேன்."

அது எந்தக் கொடி என்று சொன்னால் அந்த ஈரமும் காய்ந்துவிடும். "நல்லாயிருக்கு," என்றாள் இலையக்கா.

மகள் அந்தப் பக்கம் போனதும் விரிப்பின் ஒரு பாதியைச் சுருட்டி ஒதுக்கி, வெறும் மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. எழுந்து, சுருக்கம் தெரியாமல் விரிப்பை இழுத்து நீவிவிட்டு, பூக்களின் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.