சுற்றிப் போகும் கை

எண்ணெயைக் கையில் ஊற்றியதும் வேல்ராஜ் ஆளின் முதுகில் கை வைத்துவிட மாட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதைப் பொத்தி வைத்துக்கொண்டு நிற்பார். சூடேறி விரலிடுக்கில் கசியத் தொடங்கிய பிறகுதான் குனிவார். பிடரியில் ஆரம்பிக்கும் விரல்கள் இடுப்புக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆகும். பலகையில் குப்புறப் படுத்திருப்பவர் அதற்குள் இரண்டு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிடுவார்.

“தூங்கிட்டீங்களா அண்ணாச்சி?”

“முழிச்சுத்தான் இருக்கேன். நீங்க படுங்க.”

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் ஒரு லாட்ஜின் பின்கட்டில் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. அங்கே இரண்டு பலகைகள். அடுத்த பலகை முத்துகுமரனுடையது. அங்கே டப் டப்பென்று அடி விழுந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஓர் ஆள் எழுந்து அருவிக்கு ஓடுவான். மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் எண்ணெய்ப் பக்கமே வர மாட்டார்கள். பலகைக்கு வருவதெல்லாம் விடுமுறைக் கூட்டம், அவசரக் கூட்டம்.

போன டிசம்பர் வரை வேல்ராஜும் அப்படித்தான் அடித்தார். இருபத்தாறு வருடத் தொழில். சாரல் காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது முதுகு. ஜனவரி ஒன்றாம் தேதி காலையிலிருந்து அவர் கை மெதுவாகிவிட்டது. யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

“புது வருசம் பொறந்திருக்குல்லா, அண்ணாச்சி நிதானத்துக்கு மாறிட்டாரு” என்றான் முத்துகுமரன். “அடுத்த வருசம் பொறக்கதுக்குள்ள இந்த ஆளை எழுப்பி விட்டுருவீங்களா?”

இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு. மருவோ கொப்புளமோ கட்டியோ தட்டுப்பட்டால் அதன்மேல் அழுத்தக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். சில வருடங்களில் அதற்கு யோசனையே தேவைப்படாது. கண் வேறெங்கோ இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கை தானாக விலகிப் போய்விடும்.

போன வருடத்துக்கு முந்தின வருடச் சாரலில் ஒரு சாயங்காலம், இலத்தூர் வீட்டில், அவர் மனைவி தங்கத்தாய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“இங்கன, தோள்பட்டைக்குக் கீழ. நாலு நாளா குத்துது.”

டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்துகூட உட்காரவில்லை. சுவரில் சாய்ந்தபடியே நாலு இழுப்பு இழுத்தார்.

“வேலை செய்த முதுகு வலிக்கத்தான் செய்யும். போய்ப் படு.”

“ஊரு முதுகையெல்லாம் உருவி விடுதீங்க. எனக்கு மட்டும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி” என்று சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனாள்.

மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு முதுகு தேய்த்துக் குளிக்க வைத்த மகள் ஆனந்தவள்ளிதான் கத்தினாள். “யப்பா, இங்க கொட்டப்பாக்கு மாதிரி இருக்கே! நீங்க பாக்கவே இல்லியா?” திருநெல்வேலியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். அதற்குமேல் ஒரு வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து, போன ஐப்பசியில் தங்கத்தாய் போய்ச் சேர்ந்தாள்.

மகளின் கேள்விக்கு வேல்ராஜ் இன்னும் பதில் சொல்லவில்லை. கண் பார்க்கவில்லை என்பது உண்மை. கை பார்த்திருந்தது. அன்றைக்குத் தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் அது லேசாக வளைந்து போன அந்த வளைவு இப்போதும் விரலில் இருக்கிறது. தொட்டிருக்கிறது, தெரிந்திருக்கிறது, வழக்கம்போலச் சுற்றிப் போயிருக்கிறது.

இப்போது கை வளைந்தால் அவர் நின்றுவிடுகிறார். ஒரு விரலை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: “ஊருக்குப் போறதுக்கு முன்னால தென்காசியில ஒரு டாக்டரைப் பாத்துட்டுப் போங்க.” புது வருடம் பிறந்து பத்து நாளில் மூன்று பேரிடம் சொன்னார். ஒருவருக்கு வெறும் கொழுப்புக் கட்டி. இன்னொருவருக்குச் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த காயம் ஆறிப்போன தடிப்பு. மூன்றாமவர் பயந்துபோய்க் குடும்பத்தோடு அறையைக் காலி செய்தார். போகிற வழியிலேயே லாட்ஜைப் பற்றிச் செல்போனில் ஆறு வரி எழுதிப் போட்டுவிட்டார்.

மேனேஜர் விஜயசங்கர் அந்த ஆறு வரியையும் வாசித்துக் காட்டினார்.

“அண்ணாச்சி, வாரவன் குளிக்க வாரான். நீங்க சாவைக் காட்டி அனுப்புதீங்க. இது லாட்ஜா, ஆஸ்பத்திரியா? இன்னொரு தடவை கட்டி, டாக்டருன்னு வாயைத் தொறந்தீங்கன்னா பாட்டிலைத் தூக்கிட்டுக் கெளம்பிர வேண்டியதுதான். இந்த வேகத்துக்கு வெளியில எவன் உங்களுக்குப் பலகை தருவான்?”

“சரி தம்பி” என்றார் வேல்ராஜ். மனதறிந்துதான் சொன்னார். ஐம்பத்தைந்து வயது. வேறு வேலை தெரியாது. பகலில் தனியாக அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவும் அவரால் முடியாது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செந்தில்வேல் வந்தான். வடகரைக்காரன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. குப்புறப் படுத்தவன் இரண்டு கையையும் பலகைக்கு வெளியே நீட்டிச் செல்போனைத் தள்ளிக்கொண்டே பேசினான்.

“இந்த வருசத்துல இருந்து நிதானமா வாழணும்னு முடிவு பண்ணிருக்கேன் அண்ணாச்சி. காலையில அரை மணி நேரம் சும்மா உக்காருதேன். சாப்பிடும்போது போன் பாக்கது இல்ல.”

“நல்லது.”

“கொஞ்சம் வெரசா முடிங்க. மூணு மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கு.”

முத்துகுமரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஆளு மாறிப் படுத்துட்டீங்க தம்பி. இங்கன வாங்க, பத்தே நிமிசத்துல நிதானமாக்கி விடுதேன்.”

வேல்ராஜின் கை இடது தோள்பட்டையைத் தாண்டி இறங்கியது. ஓரிடத்தில் தானாக வளைந்தது. அவர் நின்றார். கையைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரு விரலை மட்டும் வைத்தார். வெகுநேரம் அந்த விரலை எடுக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி, நின்னுட்டீங்க?”

பின்கட்டு வாசலில் விஜயசங்கர் சாவிக்கொத்தோடு நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேல்ராஜ் விரலை எடுத்தார். கையைத் துண்டில் துடைத்தார். எண்ணெய் பாட்டிலின் மூடியைத் திருகி மூடி மஞ்சள் பைக்குள் வைத்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு பலகையருகே முழங்காலிட்டு, செந்தில்வேலின் காதுப் பக்கமாகக் குனிந்தார்.