கார்க் கதவில் வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். எங்கள் தேயிலை எஸ்டேட் மாரியம்மன் பேரில் ஒரு கதை உலாவுகிறது. அதைக் கிளப்பி விட்டவளே நான்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா மேனேஜரின் காருக்கு டிரைவர். ஆயுத பூஜையன்று காலை, கழுவிப் பொட்டு வைக்க அந்தக் கறுப்புக் காரை எஸ்டேட் கொடுத்த எங்கள் லைன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். மூன்று மணிக்கு அது ஃபேக்டரி பூஜையில் நிற்க வேண்டும். நான் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு தங்கமாக மின்னியது. சாமி முன்னால் நிற்கப்போகிற கார்தானே, அதுவும் மின்னட்டும் என்று, அப்பா தண்ணீருக்குப் போன நேரத்தில் கதவையும் அதே நாரால் பலமாகத் தேய்த்துவிட்டேன்.

கதவு முழுக்கக் கீறல்.

"ஏனுங்க, ஓடி வாங்க! வேலை போச்சுன்னா இந்த ஊட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்களே!" என்று அலறினாள் அம்மா.

அப்பா அடிக்கவில்லை. "காரையும் புளி போட்டு வெளக்கியிருக்கலாமே, கண்ணு" என்றார்.

நைஸ் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாலிஷ் போட்டார். சின்னக் கீறல்கள் மறைந்தன. ஆழமான ஒன்றில் தீக்குச்சி முனையால் பெயிண்ட் தொட்டு வைத்தார். மேலே இருந்து மூடுபனி இறங்கிவிட்டது, காயவில்லை. அம்மா முறத்தால் விசிறினாள். நான் கடிகாரத்துக்கும் கதவுக்கும் ஓடி ஓடி, காய்ந்ததா என்று தொட்டே பார்த்துவிட்டேன். என் விரல் ரேகை அதில் பதிந்தது.

இரண்டரை மணி. அப்பா அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, ஓட்டிப் போனார்.

பூஜையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் கதவில் ஒரு கோடுகூட இல்லை! "மாரியாத்தா அழிச்சுட்டா!" என்று லைன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்பா கொழுந்து லாரி ஓட்டத் தொடங்கியிருந்தார். உயரத்தில் உட்கார்ந்து போவது எனக்கு அத்தனை சந்தோஷம்.

"கார் வேண்டாமாப்பா?"

"லாரில இருந்து பாத்தா மலையெல்லாம் தெரியுது, கண்ணு."

என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள். சந்தனத்துக்குப் பின்னால் பொய்யை வைக்கக் கூடாதென்று, பூஜைக்கு முன்பே அப்பா மேனேஜரிடம் அதைத் துடைத்துக் காட்டி, "என் கைதானுங்க பட்டுருச்சு" என்றாராம். வீடு தப்பியது, கார் ஓட்டும் வேலை போயிற்று. கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தது கோயமுத்தூரில்.

ஆத்தாமேல் எனக்குள்ள பக்தி இம்மியும் குறையவில்லை. ஆனால் இதை யாரிடமாவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். கதையில் அப்பாவை விட்டுவிடாதீர்கள்.