பிழையான பெட்டியில் வைத்த காற்று

எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிற தொழிலில், ஓரிடத்தில் நன்றாக ஓடுவது இன்னோரிடத்தில் காலை வாரிவிடும். இதே பாடு படுகிறவர்கள் வாசித்தால் தலையாட்டுவார்கள்.

மன்னார் ரவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் யூட்டும் நானும் வேலை செய்கிறோம். மன்னார்த் தீவின் தென்கரையில் ஒரு மீனவர் சங்கம். கரையில் காற்று இல்லாத நேரமும் வெளியே கடலில் பலமாக அடிக்கும் என்பதால், கடலுக்குள் இருக்கிற மணல் தீடையில் காற்றுமானி நட்டிருக்கிறார்கள். சங்கம் எழுதித் தரும் சூத்திரத்தை எங்கள் நிரல் இயந்திர மொழியாக்கி, காற்றின் வேகத்தைத் திரையில் காட்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு யாரோ சங்கத்துக்கு ஒரு வின்டோஸ் கணினி அன்பளிப்புச் செய்தார்கள்; நிரலை அதில் ஓட்டவேண்டி வந்தது.

வெறும் இடம்

நிரலின் ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிடும்போது, கொடுப்பதை எங்கே வைப்பது என்று ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வின்டோஸில், கூப்பிடப்படுகிற பகுதிக்கென்று நினைவகத்தில் கொஞ்ச இடத்தை வெறுமையாக விடவேண்டும். அது பாவிக்காவிட்டாலும் விடவேண்டும். நாங்கள் விடவில்லை. அந்தப் பகுதி நாங்கள் அங்கே வைத்திருந்த தரவுகளின் மேலேயே எழுதியது. திரை அப்படியே நின்றுவிட்டது.

இதை யூட்டுக்கு விளங்கப்படுத்தினேன். யூட் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தான். "வின்டோஸ்காரன் ஆக்கள் வந்தாலும் வராட்டியும் கதிரை போடச் சொல்லுறான். போட்டுவிடு மச்சான், எங்களுக்கு என்ன குறையப்போகுது."

காற்றுக் குறைவு

சங்கச் செயலாளர் றீற்றா அக்கா. விடிய அவர் திரையைப் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்ன பிறகுதான் வள்ளங்கள் இறங்கும். அவருடைய கணவர் சூசை அண்ணையின் வள்ளமும் அதில் ஒன்று. அந்த இடத்தை விட்ட பிறகு நிரல் ஓடியது, காற்றுக் குறைவு என்று காட்டியது, அக்கா அறிவித்தார். வெளியே சோளகக் காற்று போட்டு அடித்தது. எல்லோரும் தெப்பலாக நனைந்து திரும்பினார்கள். சூசை அண்ணையின் வலை போய்விட்டது.

திரையில் காட்டுகிற பகுதிக்கு நாங்கள் கொடுப்பது முதலில் காற்றுமானியின் இலக்கம், அடுத்து வேகம். தசம எண்களுக்குச் செயலியில் தனிப் பெட்டிகள் உண்டு. லினக்ஸ் அவற்றைத் தனியாக எண்ணும். வேகம் மட்டுமே தசம எண் என்பதால் அது முதலாம் பெட்டிக்குப் போகும். வின்டோஸில் வரிசைதான் கணக்கு. இரண்டாவதாகக் கொடுப்பது இரண்டாம் பெட்டிக்கு. நாங்கள் பழைய பழக்கத்தில் முதலாவதில் வைத்தோம். கூப்பிடப்பட்ட பகுதி இரண்டாவதைத் திறந்து, உள்ளே கிடந்த ஏதோ ஒரு சின்ன எண்ணைக் காற்று என்று எடுத்துக்கொண்டது.

விளக்கம் சொல்லப் போனேன். வெட்கமாக இருந்தது. அக்கா சத்தம் போடவில்லை. "தம்பி, மெசின் நிண்டுபோச்சுதெண்டால் ஒருத்தரும் போயிருக்க மாட்டினம். அது ஓடினபடியால்தான் போனவை."

மைக்

திருத்தினோம். இரண்டு இயங்குதளத்திலும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தோம். ஆனாலும் அக்கா மைக்கைத் தொடவில்லை. தன் சொல்லை இனிக் கரையில் ஆர் நம்புவார் என்பது அவருடைய கவலை. இப்போது சரி, வடிவாகப் பார்த்துவிட்டேன் என்றேன்.

அக்கா திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஓம், நம்புறன். நாளைக்குக் காத்துக் குறைவெண்டு காட்டினால் இவரோட வள்ளத்தில நீங்களும் ஏறுங்கோ. நீங்கள் ஏறினதைப் பாத்திட்டு நான் மைக்கைப் பிடிக்கிறன்."

மறுநாள் ஏறினேன். திரை சொன்னபடியே கடல் அமைதியாக இருந்தது, நான் மட்டும் போக வர வாந்தி எடுத்தேன். இப்போது நிரலில் எதை மாற்றினாலும் சங்கத்தில் கேட்கிற ஒரே கேள்வி, தம்பி எப்ப வள்ளத்தில ஏறுறார் என்பதுதான்.