பக்கத்துக் கடை பெரிதானபோது

கருமத்தம்பட்டியில் என் தையல் கடை இருக்கும் வரிசையில் நான்கு அறைகள். கடைசி அறை என்னுடையது. அதை ஒட்டி ஒரு சின்ன மளிகைக் கடை. அதை நடத்தியவர் ஏறக்குறைய என் வயதுப் பெண். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்ததில்லை. மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். எதிர்ச் சந்தில் தறி ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேசவேண்டும். எங்கள் வீட்டுக் கதை தெருவுக்கே தெரியும்.

அவர் முதலில் தன் கடைக்கு அந்தப்பக்கம் இருந்த சைக்கிள் கடை அறையை எடுத்தார். பிறகு அதற்கடுத்த ஜெராக்ஸ் கடை காலியானதும் அதையும் எடுத்தார். நடுச்சுவர்களை இடித்தார்கள். என் மிஷின் மேல் செங்கல் தூசி படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. கண்ணாடிக் கதவும் ஏசியும் ஐஸ்கிரீம் பெட்டியும் வந்து இறங்கின. "நெம்ப நல்லா வருமுங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு பட்டுத் துணியோடு வந்தார்.

"அக்கா, இந்த ஜாக்கெட்ட நீங்கதான் தெச்சுக் குடுக்கோணும்."

"அளவு ஜாக்கெட் எங்கீங்க?"

"உங்களுக்குத் தெரியாத அளவாங்க்கா?"

கழுத்தை ஒரு விரல்கடை கூடுதலாக வெட்டிவிட்டால் விழா முழுக்கத் தோளை இழுத்துவிட்டுக்கொண்டே நிற்பார் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அதுவரை தைத்ததிலேயே நல்ல ஜாக்கெட்டாகத் தைத்தேன். அன்பினால் அல்ல. அங்கே வருகிற நாலு பேராவது "யார் தெச்சது?" என்று கேட்கவேண்டும் என்ற ஆசையினால்.

ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கூடையை மாட்டிக்கொண்டு அலமாரி அலமாரியாகச் சுற்றினார்கள். என் வீட்டுக்காரர் வேறு, "உள்ள எப்புடி குளுகுளுன்னு இருக்குது பாரு" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அவரோடு பேசவில்லை.

அதன் பிறகு என் கடையில் உட்கார ஆளில்லை. துணி கொடுக்க வருகிற பெண்கள், "தெச்சு வெய்ங்க்கா, அங்க ஒரு எட்டுப் போயிப்போட்டு வாரேன்" என்று அந்தக் குளிருக்குள் போய்விடுவார்கள். அவருக்கும் மத்தியான ஓய்வு என்று ஒன்று இல்லாமல் போனது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஓடிக்கொண்டே இருப்பார். என்னைப் பார்த்தால் கையசைப்பார். எனக்கு அந்தக் கையசைப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

என் காசு அந்தக் கடைக்குப் போகக்கூடாது என்று பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைவரை வெயிலில் நடந்து தயிர் வாங்கினேன். ஒரு நாள் திரும்பி வரும்போது, சரியாக அவர் கண்ணாடிக் கதவுக்கு எதிரே பை அறுந்து விழுந்தது. பாக்கெட் உடைந்து, பளபளவென்றிருந்த படியெல்லாம் தயிர். அவரே துணியோடு ஓடிவந்தார்.

"ஏனுங்க்கா, தயிரு நம்ம கடைலயே இருக்குதுங்களே?"

"அந்தப் பக்கம் ஒரு வேலையாப் போயிருந்தேனுங்க."

அவர் படியைத் துடைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு தயிர்ப் பாக்கெட் எடுத்து வந்து என் கையில் வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் அவர் கடையில் ரெடிமேட் ஜாக்கெட்டுகள் தொங்கின. பொறுக்க முடியாமல் உள்ளே போனேன்.

"இதையுமாங்க்கா விக்கோணும்?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கம்பெனிக்காரன் தலைல கட்டிப்போட்டுப் போயிட்டானுங்க. ஒருத்தருக்கும் பொருந்தறதில்ல. பிரிச்சுத் தெக்க எல்லாரையும் உங்ககிட்டத்தான் அனுப்பலாம்னு இருக்கேன்."

சொன்னபடியே அனுப்பினார். வேலை கூடியது. "அந்தக் கடையக்கா சொன்னாங்க" என்று ஒவ்வொருத்தியாக வந்து நிற்கும்போது, சம்பாத்தியம் என்னுடையது, பேர் அவருடையது என்று உள்ளே குத்தும்.

போன வருடம் அவர் அன்னூரில் இன்னொரு கடை போட்டார். காலையில் காரில் போனால் இருட்டித்தான் திரும்புவார். இங்கே கல்லாவில் புதிதாக ஒரு பெண். பக்கத்துக் கடைக்காரியான என்னைப் பார்த்தே "பை வேணுங்களா மேடம்?" என்கிறாள்.

சரக்கு வண்டி ஓட்டுகிறவரிடம் அன்னூர்க் கடை எப்படி என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "பக்கத்துல பியூட்டி பார்லருங்க. அந்தம்மாவும் நம்ம அக்காவும் நெம்பச் சிநேகம். ரெண்டு பேரும் பழனி போயிட்டு வந்தாங்களே, தெரியாதுங்களா?"

எனக்கு அன்று தையல் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு அன்னூர் போனேன்.

என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எத்தன தடவ கூப்பிடறது? இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்!" அருகில் மடிப்புக் கலையாத சேலையில் ஒரு பெண். பார்லர் அம்மாள்தான். அவரிடம், "நான் சொல்லுவேனே, இவங்கதான் எங்க தையக்கார அக்கா" என்றார்.

அந்த அம்மாள் என்னை உச்சி முதல் கால்வரை ஒரு தரம் பார்த்தார். "ஓ, நீங்கதானுங்களா? எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுத்தான்" என்றார். சிரித்தார், கண் சிரிக்கவில்லை. ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் கடைக்குப் போய்விட்டார்.

வேண்டுமென்றே இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கிளம்பினேன்.