சாம்பார் வாளியும் என் சுருங்கிய ரத்தக்குழாயும்

கல்யாணப் பந்தியில் வாளி தூக்கும் தோழர்களே, நம் தொழிலில் இலைக்கு முன்னால் குனிந்தால் முதுகு வலிக்கும். எனக்கு இலைக்குப் பின்னால் உட்கார்ந்தால் வயிறும் வலிக்கும்.

குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கிவிட்டதாம். அபூர்வமான நோய். வயிறு நிறையச் சாப்பிட்டால் குடல் கூடுதல் ரத்தம் கேட்கும், வராது, முறுக்கிப் போட்டுவிடும். டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொல்லும்வரை ஊர் அதற்கு வைத்த பெயர் கேஸ் ட்ரபிள்.

கடைசிப் பந்தி

விருந்தினர் எழுந்த பிறகு எங்கள் ஆட்கள் உட்காருவோம். சமைத்தவர்கள் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் கல்யாண வீட்டுக்குத் திருப்தி. நான் ஒரு கைப்பிடி தயிர்சாதத்தோடு எழுந்தேன். பெண்ணின் மாமா என் இலையைப் பார்த்தார், பிறகு எங்கள் சமையல் மாஸ்டரைப் பார்த்தார்.

“பரிமாறுன பையனே ஒதுக்கிட்டுப் போறான், சாம்பார்ல இன்னா போட்டீங்க மாஸ்டர்?”

கண்

அடுத்து ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணம். நான் வருவதைப் பார்த்ததும் ஒரு அம்மா இலையைக் கையால் மறைத்தார். என்னைப்போல் கன்னம் ஒட்டிய பையன் கண் பட்டால் சோறு செரிக்காதாம். நான் நகரவில்லை. கை விலகும்வரை கரண்டியோடு நின்றேன். விலகியதும் ஒன்றுக்கு இரண்டாக ஊற்றினேன்.

“ஊத்துறதுதான் ஊத்துற, அந்தப் பக்கம் பாத்துக்கினு ஊத்துப்பா!”

வாளிக்கு இரண்டு கை

இதெல்லாம் மாஸ்டர் காதுக்குப் போனது. சின்ன காஞ்சிபுரத்து மண்டபத்தில் பந்தி உட்கார்ந்த நேரம், “உன்ன முன்னால விட்டா ஆர்டர் போய்டும், பின்னால போய்ப் பாத்திரம் கழுவு” என்று வாளியைப் பிடித்தார். நானும் விடவில்லை.

“சாப்ட்டாதான் வலிக்குது மாஸ்டர். பரிமாறுனா வலிக்கல.”

அவர் இழுக்க, நான் இழுக்க, உள்ளே “சாம்பார்!” என்று குரல். வாளி என்னோடு வந்தது. முதல் வரிசையிலேயே ஒரு பெரியவர், “இன்னாபா இப்படி இளைச்சிருக்கே, நீ சாப்பிடறதில்லையா?” என்றார். பக்கத்து இலைகளில் கை நின்றது.

என் குரல் எனக்கே கேட்காது என்பார்கள். அன்று மண்டபத்துக்கே கேட்டது. “குடலுக்கு ரத்தம் போற குழாய் சுருங்கிடுச்சு ஐயா, ஆபரேஷன் செய்யணும். ஒட்டுற நோய் இல்ல. சமையல் மேல குத்தமும் இல்ல. உங்களுக்கு இன்னொரு கரண்டி?”

பெரியவர் சாதத்தில் குழி பறித்துக் காட்டினார். பின்னால் மாஸ்டர் நின்றிருந்தார்.

“ஊருக்கே சொல்லிட்ட இல்ல, இன்னா நின்னுக்கினு இருக்கே, கடைசி வரிசைக்குச் சாம்பாரே போகல, ஓடு!”

ஆக, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்வரை என் குடலுக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். என் வரிசையில் ஒரு இலைக்காவது சாம்பார் போகவில்லை என்று எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்.